இல்லாத சீக்குக்கு மருந்து

காங்கேயத்துக்கும் கோயமுத்தூருக்கும் நடுவே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தே என் ஆயுசில் பாதி போயிற்று. பள்ளிக்கூடப் படிப்பு எட்டாவதோடு சரி. மிச்சப் படிப்பெல்லாம் பஸ்ஸில்தான். முட்டைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேரும்வரை மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தவர்கள், சில்லறை இல்லை என்று சத்தியம் செய்துவிட்டு இறங்கும்போது பீடிக்குச் சில்லறை எடுத்தவர்கள், எல்லாருமே எனக்கு வாத்தியார்கள். அவர்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன சொல்லையெல்லாம் நான் மறக்காமல் வைத்திருக்கிறேன்.

அதில் ஒன்று இந்த விஷயத்துக்கு வேண்டும். சந்தை நாள். கூட்டம். ஒரு ஆள் பக்கத்தில் நின்ற அம்மாவின் காலை நன்றாக மிதித்துவிட்டு, டிரைவர் பிரேக் பிடித்துவிட்டான் என்றார். அந்த அம்மா கோபப்படவே இல்லை. நிதானமாக, "ஏனுங்க, என்ற கால மிதிச்சது உங்க காலுங்களா, டிரைவர் காலுங்களா?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. மிதித்தவரும் சிரித்துவிட்டு, மிதித்துப்போட்டேன் என்று ஒத்துக்கொண்டார். அடுத்த நிறுத்தத்தில் அந்த அம்மாவின் மூட்டையை அவர்தான் இறக்கிக் கொடுத்தார்.

கண்டக்டர் பையைக் கழற்றி வைத்த பிறகு எனக்குப் பேச ஆளில்லாமல் போயிற்று. வீட்டில் எத்தனைதான் பேசுவது? தெரிந்தவர் ஒருவர் கோவை ஜெயிலில் கைதிகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கப் போய்க்கொண்டிருந்தார். அவரோடு தொற்றிக்கொண்டு போனேன். நாலு பேருக்குப் பேப்பர் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச காலத்தில் என்னையும் வெளியிலிருந்து வருகிற பார்வையாளர்களில் ஒருவராகப் போட்டுவிட்டார்கள். பார்வையாளர் என்றால் உள்ளே போகலாம், சாப்பாட்டை ருசி பார்க்கலாம், குறை கேட்கலாம், யாருக்கு பரோல் கொடுப்பது என்று பேசுகிற கூட்டத்தில் ஒரு ஓரமாக உட்காரலாம். ஓட்டுக் கிடையாது, பேச்சு மட்டும் உண்டு. எனக்கென்றே செய்த உத்தியோகம். என் சம்சாரம்கூட, இத்தனை காலம் ஆட்களை ஏற்றி இறக்கினீர்கள், இனி இறங்க முடியாதவர்களோடு போய்ப் பேசுங்கள் என்று சொல்லி, டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்து அனுப்பி வைத்தாள்.

அங்கேதான் அவரைப் பார்த்தேன். ஜெயில் தோட்டத்தில் வெண்டைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டிய வயசு, ஒல்லி, முழங்கை முழுக்கச் சேறு. காங்கேயம் பக்கத்துக் காட்டுக்காரர் என்று அவர் தண்ணீர் கட்டுகிற விதத்திலேயே தெரிந்தது. தண்ணீர் அரிதான சீமைக்காரன்தான் மடையை அப்படிக் கையால் தடவித் தடவி அடைப்பான். எங்கள் பஸ் அவர் ஊரில் நிற்கும் என்று நான் சொன்னதும் முகம் மலர்ந்து, எந்தப் புளியமரத்துக்கு அடியில் நிற்கும் என்று கேட்டுப் பரிசோதித்தார். நான் தேறினேன். அன்றைக்கே பழகிவிட்டோம்.

அவர் வழக்கு பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. வாய்க்கால் தண்ணீர் முறைத் தகராறு. இவருக்கும் இவருடைய பெரியப்பா மகனுக்கும் ஒரே மடை. பெரியப்பா மகன் இவர் முறை முடிவதற்குள் மடையைத் திருப்பிவிட்டாராம். இவர் கையில் மம்பட்டி இருந்தது. காம்பால் ஒரே அடி. முழங்காலில் பட்டு எலும்பு நொறுங்கி, எத்தனை வைத்தியம் செய்தும் அந்தக் கால் மடங்காமல் போய்விட்டது. இவருக்குப் பத்து வருசம். பெரும்பகுதி முடிந்துவிட்டது. சண்டையில்லாமல், சத்தமில்லாமல், வெண்டையும் கத்திரியுமாக இருந்தார். வார்டர்கள்கூட அவரை வாங்க போங்க என்றுதான் பேசினார்கள்.

ஆனால் பரோல் மட்டும் ஒரு தடவைகூடக் கிடைத்ததில்லை. காரணம், அவர் வகுப்புக்குப் போகமாட்டார்.

அது குடி மறுவாழ்வு வகுப்பு. குடியால் வந்த வழக்கு என்று குறிப்பு இருக்கிறவர்கள் அந்த வகுப்பை முடித்திருந்தால்தான் பரோல் லீவுக்குச் சிபாரிசு செய்வார்கள். அங்கே அதுதான் நடைமுறை. இவருடைய தீர்ப்பில் குடிபோதையில் தாக்கியதாக எழுதியிருக்கிறது. வகுப்பு நடக்கிற நேரத்தில் இவர் பாட்டுக்குத் தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருப்பார். யாராவது கூப்பிட்டால், "எனக்கு இல்லாத சீக்குக்கு நான் எதுக்குங்க மருந்து குடிக்கோணும்?" என்பார். அவ்வளவுதான் அவர் பதில்.

வகுப்பெடுக்கிற ஆலோசகர் மதுக்கரையிலிருந்து ஸ்கூட்டரில் வருகிற பெண். சின்ன வயசு, பெரிய பொறுமை. அந்த அம்மணி என்னிடம் வருத்தப்பட்டுச் சொல்லியிருக்கிறார்: குடிநோய்க்கு முதல் அறிகுறியே எனக்குக் குடிநோய் இல்லை என்று சொல்வதுதான், அப்படித்தான் எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள் என்று. சரி, அப்படியானால் நிஜமாகவே நோய் இல்லாதவன் என்ன சொல்வான் என்று கேட்டேன். அவரும் அதையேதான் சொல்வார் என்று சொல்லிவிட்டு, அந்த அம்மணியே சிரித்துவிட்டார். சிரித்தாலும் குறிப்பு குறிப்புதானே. ஒவ்வொரு கூட்டத்திலும் 'சிகிச்சைக்கு ஒத்துழைக்கவில்லை' என்று வாசிப்பார்கள், மனு ஓரமாகப் போய்விடும்.

ஒருவேளை அவருக்கு வெளியே போக அவசரமில்லையோ என்று நினைத்திருந்தேன். சொந்தக்காரர்கள் வந்து கைதிகளைப் பார்க்கிற மனுக் கொட்டகையில் அவருடைய தங்கச்சியைப் பார்த்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. கருமத்தம்பட்டியில் கட்டிக்கொடுத்த பெண். தறிக்குடோனில் வேலை. கூடவே இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகள். அந்தக் குட்டி காதில் சிவப்பாக ஏதோ மின்னியது. கிட்டே போய்ப் பார்த்தால், இரண்டு காது மடலிலும் ஒவ்வொரு ஸ்டிக்கர் பொட்டு.

"இதென்ன கண்ணு, நெத்தில ஒட்டறதக் காதுல ஒட்டியிருக்கறே?"

"தோடுங்க," என்றது அந்தக் குட்டி, எனக்குக் கண் தெரியவில்லை போல என்கிற மாதிரி.

காது குத்தவில்லை. வகுப்பில் அத்தனை பெண்பிள்ளைகளும் ஜிமிக்கி ஆட்டிக்கொண்டு வர, இவள் மட்டும் மொட்டைக் காது. பிள்ளைகள் கேலி செய்வதால் அவளே கண்டுபிடித்த ஏற்பாடு அந்தப் பொட்டு. காது குத்துவதென்றால் எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மாமன் தோடு வாங்கி வரவேண்டும், மாமன் மடி போட வேண்டும். இந்தக் குழந்தை பிறப்பதற்கு முன்பே மாமன் உள்ளே வந்துவிட்டார். சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு யோசனை சொன்னார்களாம். தெய்வத்தின் மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்றார் ஒருவர். முறைக்கு மாமன் ஆகிற இன்னொருவரைக் கூப்பிடலாம் என்றார் மற்றொருவர். தங்கச்சி ஒப்பவில்லை.

"என்ற அண்ணன் உசுரோட இருக்கறாருங்க. உசுரோட இருக்கற மாமன உட்டுப்போட்டு ஊரான் மடில எதுக்குங்க உக்கார வெக்கோணும்? அவரு வந்தாத்தான் காது குத்து. இல்லாட்டி இவ பொட்டோடயே காலேஜுக்குப் போகட்டும்," என்றார் அவர். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் ஒரே பிடிவாதம், வேறு வேறு மூக்கு.

அன்றைக்கு நான் தோட்டத்துக்குப் போய் அவரிடம் நேராகவே பேசினேன். எனக்குத் தெரிந்த எல்லா வழியிலும் சொல்லிப் பார்த்தேன். வகுப்பில் போய் உட்காருங்கள், மின்விசிறி இருக்கிறது, டீ தருகிறார்கள், ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தால் அந்தக் குட்டிக்குக் காதில் தோடு ஏறும், ஊரோடு ஒத்து வாழ் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள் என்றேன். அவர் மடையை அடைத்துவிட்டு, மம்பட்டியைப் படுக்க வைத்தார். அவர் அதை ஒருபோதும் கையில் வைத்துக்கொண்டு பேசமாட்டார் என்பதை அன்றுதான் கவனித்தேன்.

"நீங்க சொல்றது புரியுதுங்க. ஆனா அங்க எந்திரிச்சு நின்னு, குடிச்சுப்போட்டு அடிச்சேன்னு சொல்லோணும். நான் சொட்டுக்கூடக் குடிக்கலைங்க. கோவம் வந்துச்சு, கையில மம்பட்டி இருந்துச்சு, அடிச்சுப்போட்டேன். கால் போனது அவனுக்கு. அடிச்சது நாந்தான்னு அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இப்பப் போயி அடிச்சது சாராயம்னு சொன்னா, அவன இன்னொருக்கா அடிச்ச மாதிரிங்க."

எனக்கு அந்தச் சந்தை நாள் அம்மா ஞாபகத்துக்கு வந்தார். பிரேக் பிடித்தான் என்று சொல்லமாட்டேன் என்கிறார் இந்த மனுஷன். அதற்கு மேல் ஊரோடு ஒத்து வாழ் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் தீர்ப்பில் குடி எப்படி வந்தது என்று மட்டும் கேட்டேன். வக்கீல் யோசனை என்றார். போதையில் செய்தது என்றால் தண்டனை குறையும் என்று யாரோ சொல்ல, எல்லாரும் சேர்ந்து அப்படியே சொல்லிவிட்டார்களாம். நான் வாயைத் திறக்கவே இல்லைங்க, திறக்க விடவும் இல்லை என்றார்.

அடுத்த கூட்டத்தில் எனக்கிருந்த பேச்சு உரிமையை முழுசாகச் செலவழித்தேன். வகுப்பை விடுங்கள், இவர் குடித்தவரா இல்லையா என்று ஊரில் போய் ஒரு தடவை விசாரித்தால் என்ன என்றேன். லீவு மனு என்றால் எப்படியும் நன்னடத்தை அலுவலர் ஊருக்குப் போய், வந்தால் யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று விசாரிக்கத்தான் வேண்டும். இதுவரை மனு அந்தப் படியையே தாண்டாததால் யாரும் போனதில்லை. சூப்பிரண்டு கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். போய் வாருங்கள், ஆனால் பேச்சை அலுவலருக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள் என்றார்.

அலுவலர் கொஞ்சம் முறைப்பான இளைஞர். நான் முப்பது வருசம் போய்வந்த அதே வழியில், டிக்கெட் வாங்கிக்கொண்டு, பயணியாகப் போனோம். புளியமரத்தடியில் இறங்கியதும் டீக்கடையில் நாலைந்து பேர். கைதியின் பெயரைச் சொன்னதுதான் தாமதம், எல்லாரும் அவருக்காகப் போட்டி போட்டுக்கொண்டு பேசினார்கள். தங்கமான மனுஷன், எறும்பைக்கூட மிதிக்கமாட்டான், அன்றைக்குத் தண்ணி உள்ளே போனதுதான் வினை, எல்லாம் அந்தச் சனியன் பிடித்த குடி. அலுவலர் அத்தனையும் குறித்துக்கொண்டார்.

நான் குறுக்கே ஒன்று கேட்டேன். அவர் யாரோடு குடிப்பார்?

ஒருத்தர் இன்னொருத்தர் முகத்தைப் பார்த்தார். என்னோடு குடித்ததில்லை, உன்னோடு குடித்திருப்பானா, இல்லையே, தனியாகக் குடித்திருப்பான் போல என்று பேச்சு சுற்றிச் சுற்றி வந்தது. எந்தக் கடையில் என்றேன். கடைசியில் டீக்கடைக்காரர் பாய்லர் பக்கமிருந்து திரும்பாமலே சொன்னார்: "அவருக்கு டீயே ஒத்துக்காதுங்க. இங்க வந்தா மோர்தான். அதும் உப்பில்லாம."

கடையில் ஒரே சிரிப்பு. சிரித்து முடித்ததும்தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவர்களுக்கு உறைத்தது. டீக்கடைக்காரர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நாலு பேர் சேர்ந்து ஒரு நல்லதுக்குச் சொன்ன பொய், இப்போது அதை எப்படித் திருப்பி எடுப்பதென்று தெரியவில்லை என்றார். உள்ளூர் மனசு அப்படி. ஒருத்தனைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அவனைக் குடிகாரனாக்கக்கூடத் தயங்காது. குடியை எல்லாரும் மன்னித்துவிடுவார்கள், கோபத்தைத்தான் மன்னிக்கமாட்டார்கள் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு. அலுவலர் எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரு மோர் சொன்னார்.

இனி ஒரு வீடுதான் பாக்கி. அடிபட்டவர் வீடு. அங்கே போக வேண்டாம் என்று கடையில் எல்லாருமே தடுத்தார்கள். அந்த ஆள் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுவார், இவர் பெயரை எடுத்தாலே கடுகடுப்பார், வரக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிடுவார் என்றார்கள். அவர் ஒரு வார்த்தை வேண்டாம் என்றால் பரோல் அத்தோடு முடிந்தது. அந்தக் குட்டியின் ஸ்டிக்கர் பொட்டு எனக்குக் கண்ணில் வந்து நின்றது. போகாமல் இருக்கவும் முடியாது.

அவர் களத்தில் இருந்தார். உடைத்த தேங்காயைக் காயப் போட்டிருந்தார்கள். எண்ணெய் மில்லுக்குப் போகிற சரக்கு. வலது காலை ஒரு பலகை மேல் நீட்டியபடி நாற்காலியில் உட்கார்ந்து, கையில் இருந்த கைத்தடியால் காக்கையை விரட்டிக்கொண்டிருந்தார். கட்டுமஸ்தான ஆள். நாங்கள் யாரென்று சொன்னதும் உள்ளே பார்த்து இரண்டு இளநீர் வெட்டச் சொன்னார். அது நல்ல சகுனமா, வழியனுப்பும் மரியாதையா என்று தெரியவில்லை.

அலுவலர் தாளைப் பிரித்து முறையாக ஆரம்பித்தார். குடிபோதையில் தங்களைத் தாக்கிய வழக்கில் என்று வாசித்ததும் அவர் தடியைத் தூக்கினார். காக்கைக்கா எங்களுக்கா என்று ஒரு கணம் நான் பயந்துவிட்டேன்.

"அத மொதல்ல அடிங்க. குடிபோதைங்கறத. அவன் குடிச்சிருந்தா என்ற காலு தப்பிச்சிருக்குமுங்க, குறி தவறியிருக்கும். நெதானமா இருந்ததுனாலதான் இவ்வளவு சரியாப் பட்டுது. கோர்ட்டுல ஊரே வந்து சாராயம் அடிச்சுதுன்னு சொல்லுச்சு. அப்ப நான் சாராயத்து மேலதான கேசு போட்டிருக்கோணும்? என்ற காலுக்கு ஒரு மருவாதி வேண்டாமுங்களா?"

அலுவலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, அப்படியானால் அவர் லீவில் வருவதற்கு உங்களுக்கு ஆட்சேபணையா என்று கேட்டார். அடிபட்டவர் தடியைக் கீழே இறக்கினார். யார் கேட்டார்கள் என்னை என்றார். இத்தனை வருசத்தில் ஒருத்தரும் வந்து கேட்கவில்லையாம். எல்லாரும் அவர் ஆட்சேபிப்பார் என்று முடிவு செய்துகொண்டு, அவர் வீட்டுப் பக்கம் வராமல் சுற்றுவழியில் போனார்களாம். இவருக்கும் தங்கச்சி முறை ஆகிற கருமத்தம்பட்டிப் பெண்கூட ஊருக்கு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறதாம். சொல்லும்போதுதான் குரல் லேசாக இறங்கியது.

நான் காது குத்து விஷயத்தைச் சொன்னேன். பொட்டு ஒட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற கதையையும் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு காலைப் பார்த்தார்.

"நானும் அந்தப் புள்ளைக்கு மாமன்தானுங்க. பெரியப்பன் மகன்னா யாரு, ஊரானா? கூப்புட்டிருந்தா நானே போயிருப்பேன். ஆனா மடி போடோணும்னா காலு மடங்கோணுமே. என்ற காலு மடங்காது. மடங்கற காலு இப்ப அவங்கிட்டத்தான் இருக்குது. அவனே வந்து மடி போடட்டும். ஒடச்சவன் வந்துதான அந்த வேலையச் செய்யோணும்? எழுதிக்குங்க."

எழுதிக்கொள்ளத்தான் போனார் அலுவலர். அதற்குள் அடிபட்டவர் இன்னொன்றும் சேர்த்தார்: தங்கச்சி நேரில் வந்து, வெற்றிலை பாக்கு வைத்து, பத்திரிகை கொடுக்க வேண்டும். சும்மா போனில் சொன்னால் வரமாட்டேன். இதையும் எழுதுவதா என்று அலுவலர் என்னைப் பார்த்தார். அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்றேன்.

கூட்டத்தில் அந்த அறிக்கையை வாசித்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். எல்லாரும் சிரித்தார்கள், உண்மைதான். ஆனால் ஒரு அதிகாரி நியாயமான கேள்வி கேட்டார். குடித்துவிட்டு அடித்தவன் என்றால் குடியை நிறுத்தினால் சரியாகிவிடும். குடிக்காமலே இப்படி அடித்தவர் என்றால் நாளைக்கு இன்னொரு மடைத் தகராறு வந்தால் என்ன செய்வார்? இவரைக் காப்பாற்றப் போய் நீங்கள் மாட்டி விடுகிறீர்களே என்று என்னைப் பார்த்தார். ஏணி வைத்து ஏறியவன் ஏணியையே எடுத்துவிட்ட மாதிரி நின்றேன்.

ஆலோசகர் அம்மணிதான் பேசினார். அப்படியானால் அவர் என் வகுப்பில் உட்கார வேண்டியவரே இல்லை, அவருக்கு வேண்டியது கோபத்துக்கான வகுப்பு, அதற்கு வருவாரா என்று யாராவது அவரைக் கேட்டோமா என்றார். அங்கே கோபத்துக்கென்று வகுப்பே கிடையாது. யாரும் கேட்டதும் இல்லை. உடனே ஆளைக் கூட்டிவரச் சொன்னார்கள். சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். அம்மணி கேட்டதும் அவர் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

"அதுக்கு வாரேனுங்க. அந்தச் சீக்கு எனக்கு இருக்குதுங்க."

சூப்பிரண்டு பேனாவை எடுத்தார்.

கோப வகுப்பு ஒற்றை மாணவனோடு ஆரம்பித்தது. மூன்றாவது தடவை நான் எட்டிப் பார்த்தபோது பெஞ்சு நிறைந்திருந்தது. குடி வகுப்பிலிருந்தே பாதிப்பேர் இடம் மாறிவிட்டார்களாம், எங்களுக்கும் இதுதான் பொருத்தம் என்று. அம்மணி என்னைப் பார்த்து, உங்களால் எனக்கு வேலை இரட்டிப்பாகிவிட்டது என்றார். கோபப்படாமல்தான் சொன்னார்.

காது குத்து தங்கச்சியின் கணவர் வீட்டுக் குலதெய்வக் கோவிலில் நடந்தது. அதுவும் காங்கேயம் பக்கம்தான். பத்திரிகை வைக்கப் போன தங்கச்சியிடம் அந்த ஆள் ஒரு வார்த்தையும் பழையது பேசவில்லையாம். வெற்றிலை வாடியிருக்கிறது என்று மட்டும் குறை சொன்னாராம். கைதிக்குக் காவலாக மப்டியில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்திருந்தார்கள். அவர்கள் யாரென்று தெரியாத சொந்தக்காரர்கள், மாப்பிள்ளை வீட்டு ஒறம்பரைச் சனம் என்று நினைத்துச் சந்தனம் பூசி, பந்தியில் முதல் இலையில் உட்கார வைத்து, எந்த ஊரு, பெண் கட்டியாச்சா என்று விசாரித்துவிட்டார்கள். ஒரு போலீஸ்காரர் நிஜமாகவே கட்டாதவர். அவருக்கு அன்றைக்கு இரண்டு ஜாதகம் வந்தது.

மாமன் புது வேட்டி கட்டி, ஜமுக்காளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். தோட்ட வேலைக் கூலியில் வாங்கிய தோடு தட்டில் இருந்தது. அந்தக் குட்டியைத் தூக்கி மடியில் வைத்தார்கள். பிறந்தது முதல் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றே பார்த்த மாமன் மடி. உட்கார்ந்ததும் திரும்பி, நீங்கள் இவ்வளவு எலும்பா என்று கேட்டாள். ஆசாரி காது மடலில் இருந்த பொட்டு இரண்டையும் உரித்துக் கீழே போடப் போனார். விடவில்லை. வாங்கி மாமனின் சட்டைப்பையில் பத்திரமாக ஒட்டினாள்.

ஒரு காது ஆயிற்று. சத்தமே இல்லை. கூட்டத்தில் எல்லாரும் சபாஷ் போட்டார்கள். அதற்குள் வலி வந்து சேர்ந்துவிட்டது. உதடு பிதுங்கியது, கை கால் உதறியது, இரண்டாவது காதைக் கொடுக்கவே மாட்டேன் என்று தோளுக்குள் ஒளித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துக் கைத்தடி சத்தம் கேட்டது. கூட்டம் வழிவிட்டது. பெரியப்பா மகன் வந்து நேர் எதிரே நின்றார். மடி போட்டிருந்தவருக்கு எழுந்திருக்க வேண்டும் போல் இருந்தது, உடம்பு அசைந்தது. ஆனால் இரண்டு காதும் குத்தி முடியும்வரை மாமன் மடியை எடுக்கக்கூடாது. முகத்தைத் தூக்கிப் பார்த்தபடி அப்படியே இருந்தார்.

"நான் அடிச்சதுதாண்ணா," என்றார். அவ்வளவுதான் வந்தது.

"தெரியுமடா. அன்னிக்கு அங்க வேற யாரு இருந்தா?" என்றார் மற்றவர். "உக்காரு, உக்காரு. நீ எந்திரிச்சா மறுக்கா நான் ஓடோணும், இந்தக் கால வெச்சுட்டு."

யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தார். கைத்தடியை அந்தக் குட்டியிடம் நீட்டி, இதை நீ கெட்டியாகப் பிடித்துக்கொள், இது இல்லாவிட்டால் மாமன் விழுந்துவிடுவேன், விட்டுவிடாதே என்று பொறுப்பை ஒப்படைத்தார். குட்டிக்குப் பொறுப்பு வந்ததும் அழுகை போன இடம் தெரியவில்லை. இரண்டு கையாலும் தடியைப் பிடித்தாள். தடியின் மறுமுனையில் ஒரு மாமன், முதுகுக்குப் பின்னால் ஒரு மாமன். ஆசாரி ஒரு நொடியில் வேலையை முடித்துவிட்டார். அழுதது மடி போட்டிருந்தவர்தான். அவள் அண்ணாந்து பார்த்து, எனக்கே வலிக்கவில்லை, நீங்கள் எதற்கு அழுகிறீர்கள் என்று அதட்டினாள்.

லீவு முடிகிற அன்றைக்கு, நேரத்துக்கு முன்பே ஜெயில் வாசலில் வந்து நின்றார். நானும் அன்று போயிருந்தேன். உள்ளே விடுவதற்கு முன் தடவிப் பார்த்த வார்டர், சட்டைப்பை மேல் கையை நிறுத்தினார். இரண்டு சிவப்புப் பொட்டு. அலசின சட்டையில் அதை மறுபடி எடுத்து ஒட்டியிருக்க வேண்டும், ஒன்று கொஞ்சம் கோணலாக இருந்தது. இதென்ன என்று கேட்டார் வார்டர்.

"என்ற தங்கச்சி புள்ளையோட பழைய தோடுங்க," என்றார் அவர்.

வார்டர் பையிலிருந்து கையை எடுத்துவிட்டு, உள்ளே போகச் சொன்னார்.